கண்ணுக்குத் தெரியாத முப்பது வாட்!

ரத்தம்!

வெள்ளைத் தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருந்தது. இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

நடுவில் புரொஃபஸர் ட்ராட்னரின் நரைத்த தலை.

டாக்டர் கெர்லிண்ட் மோஸர் அலறத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவருக்காக வாங்கி வந்த ப்ரெட்சல் ரொட்டிப் பொட்டலம் நழுவி விழுந்து, உப்புக் கற்கள் தரையெல்லாம் சிதறின.

நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்பது மீட்டர் கோபுரம். உச்சியில் இரண்டாயிரம் டிகிரி உலை. அதற்குள் கண்ணாடித் தடியை இறக்கி, உருகுவதைத் தலைமுடி கனத்துக்கு இழையாக இழுத்துக் கீழே உருளையில் சுற்றுவார்கள். உலைக்குப் பக்கத்தில் ஆள் நிற்க ஓர் இரும்பு மேடை. அந்த மேடையின் பாதுகாப்புச் சங்கிலி கழன்று தொங்கியது.

தொங்கியது மட்டுமில்லை... ஆடிக்கொண்டிருந்தது!

 கெர்லிண்ட் போனை எடுத்து நூற்றுப்பத்தை அழுத்தினாள்.

"போலீஸா? ஹெர்ட்லைன் ஒளி ஆய்வகம்... எங்க புரொஃபஸர் கோபுரத்துல இருந்து விழுந்துட்டார்... ஒரே ரத்தம்... சீக்கிரம் வாங்க!"

"அங்க வேற யார் இருக்காங்க?"

"யாருமே இல்லைங்க! எல்லாரும் பெர்க்குக்குப் போயிட்டாங்க!"

பெந்தெகொஸ்தே வாரத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம். எர்லாங்கன் நகரமே பெர்க் பீர் திருவிழாவில் லிட்டர் குவளையோடு பெஞ்சு மேல் ஏறி ஆடிக்கொண்டிருக்கும். ஆய்வகத்தின் நாற்பது பேரும் காலையிலேயே கம்பி நீட்டிவிட்டார்கள். பீர் வாசனையே ஆகாத ட்ராட்னரும், அவருக்குத் துணையாக கெர்லிண்டும்தான் மிச்சம்.

நாலே நிமிஷம்.

வாசல் கதவு திறந்தது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட உயரமான மனிதர் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பர்ஸைத் திறந்து ஓர் அட்டையைக் காட்டி, அவள் படிப்பதற்குள் மூடினார்.

"குற்றப் பிரிவு. கமிஸார் பீட்ஸ்."

"இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே!"

"அடுத்த தெருவுலதான் இருந்தேன். யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாம் பெர்க்ல குடிகாரங்களைப் பொறுக்கிட்டு இருக்காங்க. அவங்க வர நேரமாகும்."

கெர்லிண்டுக்கு உயிர் வந்தது. இந்தப் பெரிய கட்டடத்தில் தனியாக இல்லை. அதுவே போதும் போலிருந்தது.

பீட்ஸ் குந்தி உட்கார்ந்து, ட்ராட்னரின் கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். தலையை ஆட்டினார்.

"போயிட்டார்."

"ஐயோ..."

"ஆம்புலன்ஸை நானே திருப்பி அனுப்பிடறேன். நீங்க தொடாதீங்க, ஃப்ராவ் டாக்டர். தடயம் கெட்டுடும்."

கெர்லிண்ட் அழுதாள். அடக்க முடியவில்லை. ஆறு வருஷமாக அவளை 'ஃப்ராவ் மோஸர்' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். ஒரு தடவை கூட 'நீ' என்று சொன்னதில்லை. சட்டம், விதி, வரிசை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் மீன்பிடி லைசென்ஸ் இல்லாமல் ஒருத்தன் தூண்டில் போட்டால், போலீஸுக்கு போன் பண்ணிவிட்டுத்தான் தன் தூண்டிலை எடுப்பார். அப்பேர்ப்பட்டவர், பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மேடையில் நிற்பாரா?

"இப்படி வாங்க. உட்காருங்க." பீட்ஸ் அவளைக் கட்டுப்பாட்டு மேஜைக்கு அழைத்துப் போனார். சின்ன நோட்டை எடுத்தார். பேனாவை எடுத்தார். "கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பன்னிரண்டரைக்கு. ப்ரெட்சல் வாங்கப் போனேன். வர்றதுக்குள்ள..."

"அவருக்கு எதிரிங்க?"

"அவர் கண்ணாடியைத் தவிர யார்கிட்டயும் பேசவே மாட்டார் சார். எதிரிக்கு எங்க போறது?"

பீட்ஸ் பக்கத்தைத் திருப்பினார். பேனா கை நழுவியது. உருண்டது. மேஜைக்கு அடியில் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். நிமிர்ந்தார்.

அவ்வளவுதான் நடந்தது.

கெர்லிண்டின் கண்ணீர் அப்படியே நின்றது.

குனியும்போது அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்! தலை மேஜை மட்டத்துக்குக் கீழே போவதற்கு முன் மூடிய கண்... மேலே வந்து முழுசாய் நிமிர்ந்த பிறகுதான் திறந்தது! பேனாவைக் கையால் துழாவித்தான் எடுத்தார்!

உலகத்தில் ஒரே ஒரு ஜாதி மனிதர்கள்தான் அப்படிக் குனிவார்கள்.

லேசர்க்காரர்கள்!

லேசர் ஓடுவது மேஜை மட்டத்தில். நிற்கிறவனுக்குப் பயமில்லை. குனிகிறவன் கண்தான் அந்தக் கோட்டைக் கடக்க வேண்டும். கடக்கிற நொடியில் கண் திறந்திருந்தால், ஜன்மத்துக்கும் இருட்டு. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: எது விழுந்தாலும் கண்ணை மூடிக் குனி. வருஷக்கணக்கில் செய்து செய்து உடம்பில் ஊறிப்போகும். கெர்லிண்டே வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஸ்பூன் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேடுவாள். அம்மா திட்டுவாள்.

ஆனால் போலீஸ்காரர்?

'தூசி விழுந்திருக்கும்...' என்று மனசைத் தேற்றினாள். 'தூக்கம் கெட்டவர்... கண் எரிச்சல்...'

"ஃப்ராவ் டாக்டர், என்ன ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒ... ஒண்ணுமில்லை. தலை சுத்துது."

"பாவம். சரி, ஒண்ணு சொல்லுங்க." அவர் குரல் மெல்லியதாக மாறியது. "நாற்பத்தொண்ணாம் நம்பர் சுருள் எங்க இருக்கு?"

கெர்லிண்ட் சட்டென்று நிமிர்ந்தாள்.

நாற்பத்தொன்று! போன மாதம் இழுத்த இழை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே, அந்த மாதிரி உள்ளே ஓட்டைகள். நடுவில் வெற்று வழி, சுற்றி ஏழு நுண்ணிய கண்ணாடிக் குழாய்கள். வெளிச்சம் கண்ணாடியைத் தொடாமல் அந்த வெற்று வழியிலேயே ஓடும். குழாயின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும்... எந்த வெளிச்சம் போகலாம், எது போகக்கூடாது, எது வேறு நிறமாய் மாறி வெளியே வரவேண்டும், எல்லாம் சொன்னபடி கேட்கும். ட்ராட்னரின் இருபது வருஷ உழைப்பு அது. அப்படி ஒரு சுருள் இருப்பதே அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த ஆளுக்கு நம்பர் எப்படித் தெரிந்தது?

அவள் யோசித்தாள். ஒரே விநாடி.

"ரூம் ரெண்டுல... சுத்துற மெஷின்லயே மாட்டி வெச்சிருக்கோம்."

"கூட்டிட்டுப் போங்க."

நீண்ட நடைவழி. காப்பி மேஜை, கழுவாத கோப்பைகள், போன கிறிஸ்துமஸுக்கு வந்த லெப்கூஹன் பலகாரத்தின் தகர டப்பா. பின்னால் அவருடைய காலடிச் சத்தம். டக்... டக்... டக்... அவள் நடை வேகமானால் அதுவும் வேகமானது.

அவளுடைய போன் அலறியது!

"எடுங்க," என்றார் பீட்ஸ். "ஸ்பீக்கர் வேண்டாம். நார்மலா பேசுங்க."

நார்மலாக! எந்தப் போலீஸ்காரன் இப்படிச் சொல்வான்?

"ஹ... ஹலோ..."

"நூற்றுப்பத்துல இருந்து பேசறேன்மா," என்றது ஒரு பெண் குரல். "எங்க வண்டியும் ஆம்புலன்ஸும் பெர்க் கூட்டத்துல மாட்டிக்கிச்சு. இன்னும் பத்து நிமிஷம். எங்க ஆளுங்க யாரும் இன்னும் கிளம்பி வந்து சேரலை. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. கேட்குதா?"

"கே... கேட்குது..."

"விழுந்தவருக்கு மூச்சு இருக்கா? நீங்களே தொட்டுப் பார்த்தீங்களா?"

கெர்லிண்ட் போனைக் காதோடு அழுத்தினாள்.

இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை! செத்துவிட்டார் என்று சொன்னது யார்? இவன்! தொடாதே என்று தடுத்தது யார்? இவன்! ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றதும் இவன்! ரத்தம் பரவிக்கொண்டே இருந்ததே... செத்தவன் உடம்பிலிருந்து அப்படிப் பரவுமா?

ட்ராட்னர் உயிரோடு இருக்கலாம்! அங்கே, குளிர்ந்த தரையில், யாரும் பார்க்காமல், சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கலாம்!

"சரிடா... நீ இடம் பிடிச்சு வை," என்றாள் போனில். குரல் உடைந்தது. "பத்து நிமிஷம்லாம் தாங்காது. உடனே வா."

வைத்துவிட்டாள்.

"யாரு?"

"தம்பி. பெர்க்ல இருக்கான்."

"தம்பி." அவர் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. கையை நீட்டினார். "போனை இப்படிக் குடுங்க."

கொடுத்தாள்.

கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரூம் இரண்டின் கதவைத் திறந்து அவளை உள்ளே தள்ளினார். தானும் நுழைந்து, உள்தாழ்ப்பாளைப் போட்டார்.

க்ளிக்!

இனிமேல் அவருக்கு என்ன மரியாதை? அவன்!

ஜன்னல் இல்லாத அறை. கறுப்பு வண்ணச் சுவர்கள். நடுவில் அகலமான இரும்பு மேஜை. அதன் ஒரு முனையில் சாம்பல் நிற லேசர் பெட்டி, சாவி துளையிலேயே இருந்தது. மறுமுனையில் சுற்றும் மெஷின், அதில் ஒரு சுருள். சுருளிலிருந்து பிரிந்த இழையின் நுனி, பெட்டிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கதவை ஒட்டிய ஆணிகளில் பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று பாதுகாப்புக் கண்ணாடிகள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும்.

"அதுவா?" அவன் கண்கள் சுருளை நக்கின.

"அ... அதுதான்."

"மேடையில கிடந்த நோட்டுலதான் நம்பரைப் பார்த்தேன். ஒழுங்கா கேட்டேன் அந்தக் கிழவன்கிட்ட. 'ஒரு துண்டு குடுங்க, பத்து மீட்டர் போதும், உள்ள எப்படி அடுக்கியிருக்கீங்கன்னு பார்த்துக்கறேன்'னு. போலீஸைக் கூப்பிடறேன்னு போனை எடுத்தார்." தோளைக் குலுக்கினான். "நீ வந்தப்போ நான் மேலதான் இருந்தேன். பின் மாடிப்படி வழியா இறங்கி, முன் கதவு வழியா வந்தேன். கமிஸார் வேஷம் எப்படி?"

'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது. அதிலேயே அவள் ஆயுசு எவ்வளவு என்று தெரிந்தது.

"சுருளை எடுத்துக்கங்க... போயிடுங்க... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!"

"என் முகத்தைப் பார்த்துட்டியே கண்ணு!"

மூலையில் சாத்தி வைத்திருந்த கண்ணாடித் தடியை எடுத்தான். ஒரு மீட்டர் நீளம். மணிக்கட்டு கனம். கையில் தட்டிப் பார்த்தான்.

கெர்லிண்டுக்கு மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது.  செத்துவிடுவோம் என்று புரிந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் புரிந்தது. அவள் செத்தால் ட்ராட்னரும் சாவார்.

அவன் ஓர் அடி வைத்தான்.

அவள் பின்வாங்கினாள். இடுப்பு மேஜையில் இடித்தது. கை பின்னால் துழாவியது. சாவி தட்டுப்பட்டது.

திருகினாள்!

விர்ர்ர்ர்...

பெட்டிக்குள் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. கதவு மேல் இருந்த விளக்கு சிவப்பாய் எரிந்தது.

அவன் கால் அந்தரத்தில் நின்றது.

கெர்லிண்ட் டேப்பைப் பிய்த்து இழையின் நுனியை எடுத்தாள். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். 

"முப்பது வாட்!" என்று கத்தினாள். "கிட்ட வந்தா கண்ணு போயிடும்!"

வேறு எந்தத் திருடனாக இருந்தாலும் வாய்விட்டுச் சிரித்திருப்பான். நூலைக் காட்டி மிரட்டுகிறாளே என்று ஒரே அடியில் முடித்திருப்பான்.

இவன் சிரிக்கவில்லை. இவனுக்குத் தெரியும்!

"ஏய்... கீழ இறக்கு அதை."

"தடியைக் கீழ போடுங்க!"

"பொய் சொல்றே. வெளிச்சமே தெரியலையே?"

"தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். உங்களுக்குத் தெரியாததா?"

அவன் நெற்றியில் வேர்த்தது. பின்னாலேயே நகர்ந்து ஆணியிலிருந்து பச்சைக் கண்ணாடியை இழுத்தான்.

"அது உள்ள போற வெளிச்சத்துக்கு," என்றாள் கெர்லிண்ட். குரல் அழுகையா பேச்சா என்று அவளுக்கே புரியவில்லை. "வெளிய வர்றது வேற."

பச்சையைப் போட்டுவிட்டு பழுப்பை எடுத்தான்.

"எந்த அலைநீளம்?" என்று கத்தினான். "சொல்லுடி! எந்த அலைநீளம்?"

"நாற்பத்தொண்ணு எதை எதா மாத்துதுன்னு கண்டுபிடிக்கத்தானே வந்தீங்க? போட்டுப் பாருங்க. தப்பான கண்ணாடின்னா ஒரே ஒரு தடவைதான் தெரியும்!"

மூன்று கண்ணாடி. ஒன்று காப்பாற்றலாம். மூன்றுமே காப்பாற்றாமலும் போகலாம். படிக்காதவனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

நுனி அவன் பக்கம் திரும்பியது.

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்! மூடிக்கொண்டே தடியை வீசினான்!

ஹுஷ்!

காதை உரசிக்கொண்டு போய் மெஷின் மேல் இறங்கியது. கண்ணாடித் தடி உடைந்து சில்லுகள் தெறித்தன. கெர்லிண்டின் கன்னத்தில் சுரீர் என்றது. இழையை விடாமல் மேஜையைச் சுற்றி ஓடினாள். சுருள் கடகடவென்று அவிழ்ந்தது.

"எங்கடி இருக்கே?"

பதில் சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

தாழ்ப்பாள். விரல் வழுக்கியது. மறுபடி. திறந்தது! வெளியே பாய்ந்து கதவை இழுத்து, தன் சாவியால் இரண்டு சுற்று பூட்டினாள்.

உள்ளேயிருந்து கதவு குலுங்கவில்லை. அவன் அலறல் மட்டும் கேட்டது.

"அணைடி! முதல்ல லேசரை அணை!"

அவள் கேட்க நிற்கவில்லை. ஓடினாள். நடைவழி முழுக்க ஓடினாள். ப்ரெட்சல் உப்பில் வழுக்கி விழுந்து, தவழ்ந்து போய், ட்ராட்னரின் கழுத்தில் கை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

"ஹெர் புரொஃபஸர்... ப்ளீஸ்..."

விரலை நகர்த்தினாள்.

டொப்... நின்றது... டொப்...

இருந்தது!

தன் கோட்டைக் கழற்றி அவர் தலைக் காயத்தில் அழுத்தினாள். வாய்விட்டு அழுதாள். தூரத்தில் சைரன் கேட்டது.

பத்து நிமிஷம் கழித்து...

டையில் கடுகுச் சட்னி ஒட்டிய ஒரு குண்டுப் போலீஸ்காரர், ரூம் இரண்டின் கதவைத் திறந்தார். துப்பாக்கியை நீட்டினார்.

பீட்ஸ் சுவர் மூலையில் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்தான். மூன்று கண்ணாடிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டியிருந்தான்! அதற்கு மேல் கோட்டை இழுத்துத் தலையில் போர்த்தியிருந்தான்!

"எழுந்திருய்யா!"

"முடியாது! லேசர் ஓடுது! அவ அணைச்சாளான்னு கேளுங்க!"

போலீஸ்காரர் திரும்பினார். "ஃப்ராவ் டாக்டர், இதை எப்படி அணைக்கிறது?"

கன்னத்தில் பிளாஸ்திரியோடு கெர்லிண்ட் உள்ளே வந்தாள். சாவியைத் திருகினாள். விசிறி நின்றது. பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே விசிறி இருந்தது. ஒயர்கள் இருந்தன. நடுவில் ஒரு வெற்றுப் பள்ளம்.

"லேசர் ரிப்பேருக்குப் போய் பத்து நாள் ஆச்சு சார். விசிறியும் விளக்கும்தான் மிச்சம்."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

"அப்போ... நாற்பத்தொண்ணு?" என்றான் பீட்ஸ், இன்னும் கண்ணைத் திறக்காமல். "இழையாவது...?"

"அதுவா? நீங்க தாண்டி வந்த லெப்கூஹன் டப்பாவுல இருக்கு. ஜூன் மாசத்துல கிறிஸ்துமஸ் பலகாரத்தை எவன் திறப்பான்னு புரொஃபஸர்தான் அங்க வெச்சார்."

"அப்போ மெஷின்ல இருந்தது?"

"நைலான். தூண்டில் நரம்பு. நல்ல இழையை மாட்டறதுக்கு முன்னாடி அதை ஓட்டித்தான் மெஷினைச் சரிபார்ப்போம். புரொஃபஸரோட மீன்பிடிப் பெட்டியில இருந்து எடுத்தது."

போலீஸ்காரர் விலங்கு மாட்ட மறந்து சிரித்தார்.

நடைவழியில் ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்தது. தலை முழுக்கக் கட்டு. ஒரு காலுக்குப் பலகை வைத்துக் கட்டு. ட்ராட்னரின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. கதவுக்கு நேரே வந்ததும் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். விலங்கோடு நின்றவனைப் பார்த்தார். தரையெல்லாம் அவிழ்ந்து கிடந்த நைலானைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது.

"ஹெர் புரொஃபஸர்!" கெர்லிண்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாதீங்க... எல்லாம் முடிஞ்சுது..."

உதடு அசைந்தது. அவள் காதை அருகே கொண்டுபோனாள்.

"ஃப்ராவ் மோஸர்..."

"சொல்லுங்க!"

"இவ்ளோ பெரிய மீன் பிடிச்சிருக்கீங்க..." மூச்சு வாங்கினார். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"